காலஞ்சென்ற ஞானப்பூவுக்கு மதியச் சோறு

1894 அக்டோபர் 9, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. விறகெல்லாம் நனைந்து அடுப்பு எரிய மாட்டேன் என்கிறது. ஊதி ஊதி என் கண்தான் எரிகிறது. சமையலுக்கு வரும் எஸ்தர் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மழை வந்தால் அவளுக்குக் காய்ச்சலும் கூடவே வந்துவிடும்.

மத்தியானம் கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். எஸ்தர்தான் என்று எண்ணி, திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டே கதவைத் திறந்தேன். ஞானப்பூ நின்றாள்.

இன்று இதற்கு மேல் எழுத வரவில்லை.

அக்டோபர் 10, புதன்

ஞானப்பூ என் கணவரின் ஒரே தங்கை. ஐந்து வருஷத்துக்கு முன் தூத்துக்குடியில் அத்தை வீட்டில் இருந்தபோது வாந்திபேதி கண்டு இறந்தாள். தொற்று வியாதி என்பதால் அன்றே அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாக இவர்தான் திரும்பி வந்து சொன்னார். சொல்லும்போதே சுவரில் சாய்ந்து விழுந்தார். நான் மாதக்கணக்கில் சாப்பாடு இறங்காமல் கிடந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்குத் தலைவாரி விட்டவள் நான்.

கிருபாபுரம் வேதக்கோவில் சுவரில் அவள் பேருக்கு ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறது. இவர் அவள் மரணத்தைப் பற்றிச் செய்த பிரசங்கம் 'கிருபாபுரத்து மலர்' என்ற சிறு புத்தகமாக அச்சாகி, சுற்றுப்பட்டுச் சபைகளிலெல்லாம் பெண்பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். சீமையிலும் இங்கிலீஷில் போட்டிருக்கிறார்களாம். கிருபாபுரம் மிஷன் பள்ளித் தலைமை உபாத்தியாயர் மாசிலாமணி என்றால் இப்போது மதராஸில்கூடத் தெரியும்.

அப்படிப்பட்ட ஞானப்பூ நேற்று அடுப்படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "ரசத்துக்கு உப்புப் போடலியா மைனி?"

உப்பு எப்படிப் போடுவேன்? உப்பு ஜாடி எங்கே என்பதே மறந்துபோயிருந்தது.

அவள் சாகவே இல்லை. நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்த சுந்தரேசன் என்பவரைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போயிருக்கிறாள். போகுமுன் அண்ணனிடம் நேரில் சொல்லியே போயிருக்கிறாள்.

"போனா எனக்கு நீ செத்தவதான்னாக. கோவத்துல எல்லாரும் சொல்லுததுதானேன்னு நெனச்சேன் மைனி. அச்சடிச்சே காப்பாத்திட்டாக சொன்ன சொல்ல."

சுந்தரேசன் ஆனி மாதம் காய்ச்சலில் போய்விட்டார். போக்கிடம் இல்லாமல் கப்பலேறி வந்திருக்கிறாள்.

இவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார். அடுப்படியில் அவளைப் பார்த்தார். கையிலிருந்த குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "யாராவது பாத்தாகளா?"

அக்டோபர் 12, வெள்ளி

ஞானப்பூவுக்கு மாடி அறை. பழைய பள்ளிக்கூட வரைபடங்களும் உடைந்த பெஞ்சும் கிடந்த அறை. அதைக் கூட்டிப் பெருக்கியதில் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. வெளியே பூட்டு. சாவி என் இடுப்பில்.

அடுத்த மாதம் அவள் நினைவாகப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அஸ்திவாரக் கல் போடுகிறார்கள். மதராஸிலிருந்து ஹார்ப்பர் துரைசானி வருகிறாள். இந்தப் புத்தகத்தைப் படித்து அழுது, பள்ளிக்கூடம் கட்ட முன்வந்தவள் அவள்தான். அதுவரைக்கும் ஒரு ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது, பிறகு ஒரு வழி செய்யலாம் என்கிறார் இவர்.

எஸ்தரை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆக இனி அம்மியும் ஆட்டுக்கல்லும் நான், மாடிக்கு ஏறி இறங்குவதும் நான், பொய் சொல்வதும் நான்.

என்னிடம் ஏன் அன்றைக்கே உண்மையைச் சொல்லவில்லை என்று இவரைக் கேட்க நினைத்தேன். வெயில் எட்டிப் பார்த்தது, மிளகாயைக் காயப் போடப் போய்விட்டேன்.

அக்டோபர் 16, செவ்வாய்

எலுமிச்சங்காய் ஊறுகாயில் பூசணம். ஜாடியோடு கொட்டினேன்.

அக்டோபர் 18, வியாழன்

பெண்கள் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். முறைப்படி அடுத்த வீட்டில்தான் நடக்க வேண்டும். அங்கே சுண்ணாம்பு அடிக்கிறார்களாம். சபைப் போதகரை ஊரில் ஐயர் என்பார்கள்; அவர் மனைவி ஐயரம்மா நடுவில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தோம். மாடியில் அச்சு என்று ஒரு தும்மல்.

ஐயரம்மா ஒரு கண்ணைத் திறந்தார். "யாரது மேல?"

"பூனை" என்றேன்.

"பூனைக்குச் சளியா?"

"ஒரு வாரமா இருக்கு" என்றேன். அதற்குள் இன்னொரு தும்மல். பூனைக்காகவும் ஒரு வார்த்தை ஜெபிக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை.

கூட்டம் முடிந்து கொதிப்போடு மேலே போனேன். ஞானப்பூ வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் வந்துவிட்டது. வெகுநேரம் சிரித்தோம். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. இதுவும் அவளால்தான்.

அக்டோபர் 24, புதன்

புத்தகத்தைக் கேட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். தான் செத்த கதையைக் காலை நீட்டி உட்கார்ந்து படித்தாள்.

"அண்ணன் நல்லா எழுதியிருக்காக மைனி. ஆனா நான் இவ்வளவு நல்லவளா எப்பம் இருந்தேன்?"

கடைசிப் பக்கத்தில் இவர் அவளுக்கு மரண வாக்கியம் எழுதியிருக்கிறார். "கதவு திறக்கிறது. வெளிச்சம் வருகிறது. எனக்குப் பயமில்லை." ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கண்ணீரோடு ஒப்பிக்கும் வரிகள். ஞானப்பூ அதைப் படித்துவிட்டுப் சாத்தியிருந்த கதவையும் என் இடுப்புச் சாவியையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "பேன் பாக்கியளா மைனி? கப்பல்ல ஏறிட்டு" என்றாள்.

வேலை கிடக்க, சாயங்காலம் முழுக்க பேன் பார்த்தேன். கொழும்பைப் பற்றிச் சொன்னாள், அங்கே நாடகக் கொட்டகையில் பாடியதையும் சொன்னாள். சுந்தரேசன் கோபம் வந்தால் பேசாமல் ஆர்மோனியப் பெட்டியைத் துடைப்பாராம். தாலி கட்டித்தான் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள்.

"நான் கெட்டுப்போகல மைனி. கல்யாணம் பண்ணுனேன். அவ்வளவுதான்."

அவள் தலையில் இப்போதே நரை. எனக்குக்கூட இன்னும் வரவில்லை.

அக்டோபர் 30, செவ்வாய்

இனி ஊரில் தலைகாட்ட முடியாது. தண்ணீர் எடுத்துவரும் மாடத்தி உச்சிப்பொழுதில் எங்கள் மாடி ஜன்னலைப் பார்த்திருக்கிறாள். வெள்ளைச் சேலை கட்டிய உருவம் தலையை விரித்துப் போட்டு வாரிக்கொண்டிருந்ததாம். குடத்தைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். குடம் எங்களுடையது. நெளிந்துவிட்டது.

"வாத்தியாரையா தங்கச்சி ஆவி அடங்காம அலையுதாம்" என்று கடைத்தெருவெல்லாம் பேச்சு.

ஞானப்பூவைக் கடிந்துகொண்டேன். "ஜன்னலண்ட போகாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"வெளிச்சம் அங்கதான மைனி இருக்கு" என்றாள்.

நவம்பர் 5, திங்கள்

பேய் பிசாசு நம்பிக்கையைக் கண்டித்து இவர் பேசாத ஊர் இந்த வட்டாரத்தில் இல்லை. வேப்பிலை அடிக்கப் போன சபையாரை நிற்கவைத்து மன்னிப்புக் கேட்க வைத்தவர். நேற்று சபைக் கமிட்டியில் இவரையே கேட்டிருக்கிறார்கள், "வாத்தியாரையா, உங்க வீட்டுல நடமாட்டம் இருக்காமே, நிசமா?" என்று.

இவர் என்ன சொன்னார் என்று ஐயரம்மாதான் வந்து சொன்னார். "உலகத்துல நமக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்குன்னு சொல்லிட்டாகளாம். ஐயருக்கே தூக்கிவாரிப் போட்டுட்டு."

ஆக, தங்கை உயிரோடிருப்பதைவிடப் பேயாக இருப்பது இவருக்குச் சௌகரியம். நான் ஐயரம்மாவுக்குக் காப்பி கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவரும் சொல்லாமல் குடித்துவிட்டார்.

நவம்பர் 9, வெள்ளி

இவரும் ஞானப்பூவும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். இன்று மத்தியானம் பள்ளி விட்டு வந்து, என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டு நேரே மாடிக்குப் போனார். நான் படியில் சோற்றுத் தட்டோடு நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது.

"அண்ணே, ஒரு தடவ என்னைய ஏறிட்டுப் பாருங்க" என்றாள்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஞானப்பூ எனக்காக எவ்வளவோ செஞ்சிருக்கா. அவ பேரைக் கேட்டு எத்தனை பிள்ளைக படிக்க வந்துச்சு தெரியுமா? அவள நான் கெடுக்க மாட்டேன்."

"நான்தானே அண்ணே அவ!"

"நீ இல்ல" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கணக்கைத் திருத்துவதுபோல.

என்னைத் தாண்டி இறங்கும்போது இவர் கண் கலங்கியிருந்தது. சோறு ஆறிவிட்டது. ஞானப்பூ தொடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

நவம்பர் 13, செவ்வாய்

விழாவுக்கு வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்கிறார். வெள்ளையடிப்பவர்கள் வந்தால் மாடியை என்ன சொல்ல? கீழே மட்டும் அடித்தாகிவிட்டது. வீடு பாதி வெளுப்பும் பாதி அழுக்குமாக நிற்கிறது. பார்க்கவே சகிக்கவில்லை.

நவம்பர் 18, ஞாயிறு

கோவிலிலிருந்து வந்ததும் இவர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னை உட்காரச் சொல்லிப் பேசியது குறைவு.

"வியாழக்கிழமை விழா. வெள்ளிக்கிழமை காலையில வண்டி வரும். ரயிலுக்கு அழச்சிட்டுப் போயிருவாக."

"எங்க?"

"மதராஸ்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. அங்க ஆஸ்பத்திரியில சேத்துக்கிடுவாக. புத்தி பேதலிச்சவகளுக்கான எடம். நல்லாப் பாத்துக்கிடுவாக."

"அவளுக்குப் புத்திக்கு என்ன?"

"செத்துப்போன ஒருத்தி பேரைத் தன் பேருன்னு சொல்லுதாளே பூரணம். அதுக்குப் பேரு என்ன?"

நம்பித்தான் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இட்லிக்கு அரிசி ஊறப்போட வேண்டியிருந்ததால் எழுந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 19, திங்கள்

மழை விட்டது. பெட்டியில் கிடந்த என் நீலப் பட்டுச்சேலையை வெயிலில் போட்டேன். பூச்சி அரிக்கிறது. மாடிக் கொடியில்தான் நல்ல வெயில், அதனால் அங்கே போட்டேன். எடுக்க மறந்துவிட்டது.

விழாவுக்கு வண்டி எப்போது கிளம்பும், கோவிலுக்குப் பின்பக்க வழி திறந்திருக்குமா என்றெல்லாம் ஞானப்பூ கேட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னேன். சும்மா பேச்சுத்தானே.

நவம்பர் 21, புதன்

முறுக்கு சுட்டேன். ஒன்றும் சரியாக வேகவில்லை. எல்லாம் எண்ணெய் குடித்துவிட்டது.

நவம்பர் 23, வெள்ளி

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

காலையில் எல்லாம் அவசரம். இவருக்குத் தலைப்பாகை கட்டிவிட்டு, விருந்தாளிகளுக்குப் பலகாரத்தை எடுத்துவைத்து, மாடியில் சோற்றை வைத்துவிட்டு இறங்கினேன். கதவைப் பூட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். அத்தனை வேலையில் எதை நினைவு வைத்துக்கொள்வது?

கோவிலுக்குப் பக்கத்து மைதானத்தில் பந்தல். ஹார்ப்பர் துரைசானி, ஐயர், கமிட்டிக்காரர்கள் எல்லாரும் நாற்காலியில். பெண்கள் பாயில். துரைசானி பேசுவதைத் தமிழில் சொல்வதும் நம்மவர் பேசுவதை இங்கிலீஷில் சொல்வதும் இவர்தான். கம்பீரமாகத்தான் இருந்தார்.

பிறகு ஒரு சின்னப் பெண் எழுந்து 'கிருபாபுரத்து மலர்' கடைசிப் பக்கத்தை ஒப்பித்தாள். நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். "கதவு திறக்கிறது" என்ற இடத்தில் துரைசானியைப் பார்த்துவிட்டாள். நின்றுவிட்டது. உதடு பிதுங்கியது. மறுபடி "கதவு திறக்கிறது" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. இவர் நெற்றியைச் சுளித்தார். பிள்ளை அழ ஆரம்பித்தாள்.

பெண்கள் பாயின் கடைசியிலிருந்து ஒரு குரல் மெதுவாக எடுத்துக்கொடுத்தது: "வெளிச்சம் வருகிறது... சொல்லுட்டி, பயப்படாத. வெளிச்சம் வருகிறது."

பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லி முடித்துவிட்டாள். முன்னே பார்த்து நின்றது அவள் ஒருத்திதான். மற்ற எல்லாரும் திரும்பியிருந்தார்கள். நீலப் பட்டுச்சேலையில் ஞானப்பூ உட்கார்ந்திருந்தாள். டீச்சருக்குப் படித்தவள், பிள்ளை தடுமாறினால் வாய் சும்மா இருக்காது. பேசாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவதாகத்தான் வந்தாளாம். பின்னால் சொன்னாள்.

மாடத்தி அலறிக்கொண்டு எழுந்து ஓடினாள். ஐயரம்மா ஞானப்பூவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து, தோளைத் தொட்டு, கன்னத்தைத் தடவினார். "சூடு இருக்கு" என்றார். "இது ஞானப்பூ. நான் ஞாயிறு பள்ளியில பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ள."

ஐயர் எழுந்தார். "வாத்தியார், இது உம்ம தங்கச்சியா?"

இவர் ஞானப்பூவைப் பார்த்தார். வந்த நாளுக்குப் பிறகு இவர் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"எனக்குத் தெரியாது" என்றார். "கொஞ்ச நாளா இப்படி ஒரு பொம்பள ஊருக்குள்ள திரியுதா. புத்தி சரியில்லாதவ."

நான் கூட்டத்தில் வாய் திறந்தவளில்லை. ஜெபக்கூட்டத்தில்கூட ஆமென் மட்டும்தான். எழுந்தேன். யாரோ என் முந்தானையை மிதித்திருந்தார்கள், கிழிந்தது. நல்ல சேலை.

"அவ புத்திக்கு ஒண்ணுமில்ல" என்றேன். "அவ ஞானப்பூ. எங்க வீட்டு மாடியில இருக்கா. நான்தான் பூட்டி வச்சு சோறு போட்டேன். அவ சாகல. எங்கிட்டயும் செத்துட்டான்னுதான் சொன்னாக. நானும் அழுதேன். இன்னும் பேய்னு சொல்லுதவுக என்னைய வந்து கேளுங்க."

துரைசானி என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தமிழை அவளுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியவர் இவர். இவர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஞானப்பூவே எழுந்து போர்டிங்கில் படித்த இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். இரண்டு வாக்கியம் இருக்கும். துரைசானி கையிலிருந்த பூச்செண்டு கீழே விழுந்தது.

கல் போடவில்லை. குழைத்து வைத்த சுண்ணாம்பு வீணாகக் காய்ந்தது. என் முறுக்கையும் யாரும் சாப்பிடவில்லை. அது ஒரு விதத்தில் நல்லதுதான்.

இன்று காலை வண்டிக்காரர் வந்தார். "ரயிலுக்குப் போற ஆள் எங்கம்மா?" என்றார்.

"ஆள் இல்ல. போங்க" என்றேன்.

நவம்பர் 24, சனி

விசாரணை முடியும்வரை பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டாம் என்று மிஷனிலிருந்து சொல்லிவிட்டார்கள். இவர் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எட்டிப் பார்க்க வருகிறவர்களை நான்தான் வாசலில் நின்று திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒருவர் குடும்பத்தோடு வந்து, உயிர்த்தெழுந்த பெண்ணைப் பார்க்கலாமா என்று கேட்டார். துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். அப்போதும் போகவில்லை.

மத்தியானம் இவர் கேட்டார்: "நீயுமா பூரணம்?"

எனக்குக் கோபம் அப்போதுதான் வந்தது. அக்டோபர் மாதத்திலிருந்து எங்கே இருந்ததோ, எல்லாம் வந்தது. "வருஷா வருஷம் அந்தக் கல்லு முன்னாடி எங்கூட நின்னு அழுதியளே. அந்தக் கண்ணீரு யாருக்கு?"

"அழுதது நிசம்" என்றார்.

"தெரியும். நான் அழுததும் நிசம். நடக்காத சாவுக்கு நான் அழுதேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. பக்கத்துல நின்னு என் கண்ணையும் தொடச்சு விட்டிய. அதத்தான் என்னால தாங்க முடியல."

கொல்லையில் ஞானப்பூ துணியை அடித்துத் துவைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இவர் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ சாப்பிட்டாளா?" என்றார்.

"நீங்களே போய்க் கேளுங்க" என்றேன்.

எழுந்தார். கொல்லை வாசல்வரை போனார். அங்கே நின்றார். நான் உள்ளே வந்துவிட்டேன், அதனால் என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஞானப்பூ அழுதாள் என்பது மட்டும் தெரியும். துணி இரண்டு அலசாமலே கிடந்தது, நான்தான் அலசினேன்.

நவம்பர் 25, ஞாயிறு

இவர் கோவிலுக்கு வரவில்லை. தலைவலி என்றார். ஞானப்பூவும் நானும் மட்டும் கிளம்பினோம். தெருவில் இரண்டு பக்கமும் ஆட்கள். ஒருத்தரும் பேசவில்லை. எனக்குச் செருப்பு வேறு கடித்தது.

பெண்கள் பக்கம் பாயில் இடமிருந்தது, ஆனால் யாரும் நகர்ந்து கொடுக்கவில்லை. வழியில் நின்றோம். என்னோடு வருஷக்கணக்கில் ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போய்விடலாம் மைனி என்று ஞானப்பூ என் கையை இழுத்தாள். இவ்வளவு தூரம் கடிக்கும் செருப்போடு நடந்து வந்துவிட்டு நான் எதற்குத் திரும்ப வேண்டும்? நடுவில் இருந்த இடத்தில் அவளை உட்காரவைத்து நானும் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவள் சேலையை ஒதுக்கிக்கொண்டாள். ஒதுக்கட்டும்.

பாட்டு ஆரம்பமானது. நாங்கள் எப்போதும் தாழ்ந்த சுருதியில் இழுத்து இழுத்துப் பாடுகிறவர்கள். ஞானப்பூ எடுத்த எடுப்பிலேயே மேலே போய்விட்டாள். நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிய குரல். எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். அவள் மட்டும் தனியாக, உச்சியில், கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாள்.

எனக்கு ஒரே எரிச்சல். இருமிப் பார்த்தேன், முழங்கையால் இடித்தும் பார்த்தேன். அவள் இறங்குகிற மாதிரி இல்லை. வேறு என்ன செய்வது? தொண்டையைச் சரிசெய்துகொண்டு நானும் அவள் சுருதிக்கு ஏறினேன்.